பரஸ்தானம் வைத்த பை

வாருங்கள், ரெஜினா. செருப்பு வெளியிலேயே இருக்கட்டும். கையிலிருக்கும் பையையும் அந்தச் செருப்பு அலமாரியின் மேலேயே வைத்துவிடுங்கள். கடைத்தெருப் புழுதியைக் கூடத்துக்குள் கொண்டுவர நான் யாரையும் விடுவதில்லை. என் கணவரையும் விடுவதில்லை. அவர் இப்போது வீட்டில் இல்லை, நடக்கப் போயிருக்கிறார். இப்போதெல்லாம் அவர் நிறைய நடக்கிறார். எங்கே என்று நான் கேட்பதில்லை.

உட்காருங்கள். எதிர்வீட்டுக்குக் குடிவந்து இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் இந்த நடையைக் கடக்க உங்களுக்கு நேரம் கிடைத்தது. எதற்காக வந்தீர்கள் என்று சொல்ல வேண்டாம், தெரியும். குடியிருப்போர் சங்கத்துச் செயலர் அனுப்பியிருப்பார். கப்பலில் உல்லாசப் பயணம் போக வேண்டும் என்று இந்த அடுக்ககத்தில் யாருக்கு ஆசை வந்தாலும், "கோமதியம்மாவைக் கேளுங்க" என்று அவர் கைகாட்டிவிடுகிறார். நான் கப்பலில் கால் வைத்ததே இல்லை என்பது அவருக்கும் தெரியும். கால் வைத்துவிட்டு வந்த என் கணவரிடம் ஏன் அனுப்புவதில்லை என்றால், அவரைக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார். அதற்குமேல் ஒரு சொல் பெயராது. மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவர். சொற்களையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

நான் ஒரு கல்லூரியில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தவள். ஆயிரம் பேரை ஒருவர் விடைத்தாளை ஒருவர் பார்க்காதபடி உட்காரவைத்த எனக்கு, இரண்டு பேரைச் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது ஒரு வேலையா? போன தை மாதம். ஏற்பாடு முழுவதும் என்னுடையது. என் கணவரின் பங்கு என்னவென்றால், ஆசைப்பட்டது. அதை மட்டும் அவர் தனியாகச் செய்தார்.

முதலில் அறை. கேட்டுக்கொள்ளுங்கள், இது உங்களுக்கும் பயன்படும். கப்பலில் பால்கனி வைத்த அறை உண்டு, சன்னல் வைத்த அறை உண்டு, ஒன்றுமில்லாத உள்ளறை உண்டு. கீழ்த்தளத்தில், கப்பலின் நட்டநடுவில் இருக்கும் உள்ளறைதான் அறிவுள்ளவர்கள் எடுக்கும் அறை. ஆட்டம் குறைவு, வெயில் இல்லை, உப்புக்காற்று இல்லை. இவருக்குப் பால்கனி வேண்டுமாம்.

"எதற்கு?" என்றேன்.

"கடலைப் பாக்கதுக்குத்தான், கோமதி."

"கப்பலில் போகிறவருக்குக் கடல் எங்கே ஓடிவிடப்போகிறது? மேல்தளத்துக்குப் போனால் எல்லாருக்கும் பொதுவாகத்தானே கிடக்கிறது?"

"உக்காந்து பாக்கணும். ஆபீஸ்ல எனக்குச் சன்னல் பக்கம்தான் இடம். ஆனா சன்னலுக்கு அந்தாண்ட பக்கத்துக் கட்டடத்துச் சுவரு."

இதெல்லாம் ஒரு காரணமா? சுவரைப் பார்த்து வேலை செய்தவர்கள் எல்லாரும் பால்கனி கேட்டால் கப்பல் என்ன ஆவது? உள்ளறைதான் என்று முடித்தேன். அவரும் "சரி, பாத்துக்கிடுவோம்" என்றார். அந்தப் "பாத்துக்கிடுவோம்" இருக்கிறதே, அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு உணவு. கப்பலில் சாம்பார் கிடைக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார். போடுவார்கள். கடலில் போய் யார் வழக்குப் போடப்போகிறார்கள்? வீட்டுச் சமையலையும் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலையும் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், பருப்புப்பொடியை முகப்பவுடர் டப்பாவில் போட்டு அடைத்தேன். இரண்டு டப்பாவும் ஒரே நிறம். அதன் விளைவைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

என்ன, பையா? அங்கேயே இருக்கட்டும், யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். இந்தத் தளத்தில் இருப்பதே நீங்களும் நாங்களும்தான்.

நாள்தான் சிக்கல். கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. விமானம் வியாழன் நண்பகல். வியாழக்கிழமை தெற்கே சூலம். உங்கள் வீட்டில் இதெல்லாம் இராது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது என்று எங்களிடம் ஒரு கணக்கு. சிங்கப்பூர் எந்தப் பக்கம்? தெற்குப் பக்கம். "ஏரோப்ளேன் ஏறினதும் முதல்ல கடல் பக்கமாக் கெழக்கதானே திரும்பும்" என்று என் கணவர் ஒரு நுட்பம் கண்டுபிடித்தார். விமானி எந்தப் பக்கம் திருப்புவான் என்பதை நம்பி நான் சூலத்தை மீற முடியுமா? ஆகவே பரஸ்தானம் வைத்தேன்.

அதுவும் உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்குரிய ஒரு பொருளை நம் வீட்டிலிருந்து வெளியேற்றி இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாக ஆகும். சூலம் நம்மை ஒன்றும் கேட்க முடியாது. கிளம்பும் நாளில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வெளியே போன பொருள், பயணம் முடியும்முன் நம் வாசற்படியைத் திரும்பத் தாண்டக் கூடாது. தாண்டினால் போச்சு.

"ஒரு துண்ட மடிச்சு வச்சாப் போதாதா?" என்றார் இவர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு துண்டு, ஒரு பிடி அரிசி. அரைகுறை வேலை. துண்டா சிங்கப்பூருக்குப் போகிறது? வெளிநாட்டுப் பயணத்துக்கு உயிர் எது? பாஸ்போர்ட். வைத்தால் அதைத்தான் வைக்க வேண்டும். புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தேன். இவருடைய பாஸ்போர்ட்டை நான்காவது நகல் எடுத்துவர நகலகத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆம், நான்கு. மூன்று தொலைந்துபோனால் என்ன செய்வீர்கள்? அவர் திரும்புவதற்குள் நேரம் கழிந்துவிடும்போல் இருந்தது. எனவே என்னுடையதை மட்டும் பையில் போட்டு எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

நீங்கள் இப்போது இருக்கும் அதே வீடுதான். அப்போது மரகதம் இருந்தாள். நல்ல பெண்தான், கண்தான் சரியில்லை. நாங்கள் புதிதாகக் குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது, "சூப்பரா இருக்குக்கா" என்றாள். அந்த மாதமே அது நின்றுபோனது. அப்படிப்பட்டவளிடம் போய்க் கப்பலில் போகிறோம் என்று சொல்வேனா? வீட்டில் கரப்பான் மருந்து அடிக்கிறோம், இது ரவிக்கைத் துணி, இரண்டு நாள் உன் வீட்டில் இருக்கட்டும் என்றேன். சொன்னதோடு விடவில்லை. மேலே நிஜமாகவே மூன்று ரவிக்கைத் துணியையும் ஓர் அளவு ரவிக்கையையும் வைத்திருந்தேன். பொய்யையும் ஒழுங்காகச் சொல்வது என் வழக்கம்.

வியாழன் காலை. பெட்டிகள் வாசலில். டாக்சி கீழே. பையை எடுத்துக்கொள்ள மரகதத்தின் கதவைத் தட்டப் போனால், பூட்டு.

கைப்பேசியில் அழைத்தேன்.

"பஸ்ல இருக்கேன்க்கா. கும்பகோணம் போறேன். அம்மாவுக்குத் திடீர்னு முடியலன்னு போன் வந்துச்சு, விடியறப்பவே கெளம்பிட்டேன். செங்கல்பட்டு தாண்டியாச்சு."

"என் பை எங்கே?"

"எங்கிட்டதான்க்கா இருக்கு, பத்திரமா. மருந்து அடிக்கிற வாசம் துணியில ஏறிடுமேன்னு எடுத்துட்டு வந்துட்டேன். எங்க ஊரு டெய்லரு அருமையாத் தெப்பாரு. அளவு வேற உள்ளயே வச்சிருக்கீங்க. தெச்சே கொண்டாந்து குடுத்துடறேன்."

பாருங்கள். இரவல் கேட்டால் கூட ஒருநாள் தாமதித்துக் கொடுக்கும் உலகத்தில், கேட்காமலே உதவி செய்யும் இப்படிப்பட்டவர்கள் எனக்கென்றே வாய்க்கிறார்கள். உடனே இறங்கித் திரும்பி வா என்றேன். "எதுக்குக்கா?" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், எப்படிச் சொல்வது? விமானம் ஏறும் நாளில், அவளிடம்? "சும்மாதான், துணியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "வந்து காட்டறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

என் கணவர் கைப்பேசியை வாங்கி அவளை மறுபடி அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவர் அப்படித்தான், உண்மையைச் சொல்ல ஓர் ஒழுங்குமுறை உண்டு என்று அவருக்குத் தெரியாது. அவளும் திண்டிவனத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த முதல் பேருந்தில் ஏறித் திரும்பினாள். அம்மா மருத்துவமனையில் கிடக்க, அழுதுகொண்டேதான் வந்தாளாம். வந்து? விமானம் போன பிறகு வந்தாள். விமான நிலையத்துக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா" என்று என்னையே கேட்டாள். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, துணியோடு அப்படியே கும்பகோணத்துப் பேருந்துக்கு ஓடிவிட்டாள். ரவிக்கையைத் தைத்தும் கொடுத்தாள். இதோ, நான் போட்டிருப்பது அதில் ஒன்றுதான். அளவு சரியாக இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

இது மரகதத்தின் கதை. என் வழக்கு அவளோடு அல்ல.

இவர் போய்விட்டார், ரெஜினா. அதுதான் வழக்கு.

விமான நிலையத்து வாசலில் நிற்கிறோம். என்னிடம் என் பாஸ்போர்ட்டின் நகல்கள் நான்கு இருக்கின்றன, நான்கு வெவ்வேறு பெட்டிகளில். உள்ளே விடுகிற காவலர் அசலைக் கேட்கிறார். இவர் சட்டைப்பையில் இவருடைய அசல் இருக்கிறது, நான் நகலெடுக்க அனுப்பியது. நேரம் ஆகிறது. இவர் என்னைப் பார்த்தார். "நான் வேணா முதல்ல போட்டுமா, கோமதி? நீ பை வந்ததும் அடுத்த ப்ளைட்ல வந்துரு" என்றார்.

"போங்கள்" என்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு வாழ்ந்தவர். நான் எந்தக் குரலில் "போங்கள்" என்றால் நகரக் கூடாது என்று இந்தக் கட்டடத்துக் காவலாளிக்குக்கூடத் தெரியும். இவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் திரும்பிக் கையைக்கூட ஆட்டினார்.

பை வந்ததும் நான் போயிருக்கலாமே என்கிறீர்களா? எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அவரும் சிங்கப்பூரில் இறங்கியதும் அழைத்தார். இரவு விமானத்தில் இடம் இருக்கிறதாம், கப்பல் மறுநாள்தானாம், விமான நிலையத்துக்கே வந்து நிற்கிறாராம். வா என்றால் உடனே போய்விடுவதா? ஒருவர் கேட்டார் என்பதற்காக ஏறிக்கொள்ள அது என்ன நகரப் பேருந்தா? பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே வைத்தேன். பரஸ்தானம் கலைந்தது, பயணம் முடிந்தது. "படியைத் தாண்டிவிட்டது, இனி வருவதற்கில்லை" என்று செய்தி அனுப்பினேன். விசா மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. பலமுறை போய்வரலாம் என்று கொடுத்த விசா. ஒருமுறையும் போகாதவளுக்கு.

அதன்பிறகு படங்கள் வரத் தொடங்கின. கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக அறையை மாற்றிக்கொண்டிருக்கிறார். பால்கனி. "பாத்துக்கிடுவோம்" என்றாரே, பார்த்துக்கொண்டார். முதல் படத்தில் பால்கனி, கடல், இரண்டு நாற்காலி. இரண்டும் காலி. அடுத்தது சாப்பாட்டு மேசை, எதிரே ஒரு தட்டு, காலி. பினாங்கில் ஏதோ கோயில் வாசல், கல்பெஞ்சு. ஓர் ஓரத்தில் இவருடைய தொப்பி, பக்கத்தில் காலி. கடைசிவரை இப்படியே. ஒரு படத்திலாவது இவர் முகம் உண்டா என்றால் இல்லை. நான் இல்லாததால் எவ்வளவு வசதியாகக் கைகாலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். இப்படிக் குத்திக்காட்டத் தெரிந்தவர் என்று நான் நினைத்ததே இல்லை. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

திரும்பி வந்தார். கருத்து வந்தார். பெட்டியிலிருந்து எனக்கு ஒரு கைவிசிறியை எடுத்துக் கொடுத்தார். "நல்லா இருந்துச்சா?" என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். நான் பேச்சைக் குறைத்தேன். அவரிடம் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த விசிறியை நான் பிரிக்கவில்லை.

இப்போது மறுபடி ஏதோ நடக்கிறது. எனக்குத் தெரியும். புதிதாகக் கான்வாஸ் செருப்பு வாங்கியிருக்கிறார். பயண முகவர் கடையிலிருந்து அவர் வெளியே வந்ததைச் செயலர் பார்த்திருக்கிறார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, "ஒனக்கு இந்த மாசம் சந்திராஷ்டமம் எப்போ?" என்று கேட்டார். சந்திராஷ்டம நாளில் எனக்குக் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். எந்த நாளில் என்னிடம் சொல்லாமல் கிளம்பினால் வீடு அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். தனியாகப் போன ருசி. போகட்டும். சென்ற முறை "போங்கள்" என்று சொல்லவாவது என்னை வைத்துக்கொண்டார். இந்த முறை அதற்கும் நான் தேவைப்படமாட்டேன்போல. கண்ணில் ஒன்றும் இல்லை, மின்விசிறித் தூசி. துடைக்கச் சொன்னால் அவர் துடைப்பதில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். எந்த மாதம் போவதாக... என்ன? நீங்கள் கப்பலில் போகவில்லையா?

வேளாங்கண்ணிக்கா? நாளைக்கா? சரி, போய்வாருங்கள், அதற்கு என்னிடம் ஏன்...

எந்தப் பை?

இவரா? உங்களிடமா? எப்போது கொடுத்தார்?

நேற்றுக் காலையா. என்னவென்று சொல்லிக் கொடுத்தார்? ரவிக்கைத் துணியா. "வீட்டம்மா ரவிக்கைத் துணி, வியாழக்கிழம வந்து எடுத்துக்கிடுதேன், அவகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றாரா. ஊருக்குப் போவதால் திருப்பிக் கொடுக்க வந்தீர்கள். வந்ததிலிருந்து பை, பை என்று சொல்ல வந்தீர்கள். சொல்லியிருக்கலாமே, நானா தடுத்தேன்?

உட்காருங்கள், நீங்கள் எடுக்க வேண்டாம். எடுத்துக்கொண்டு உள்ளே மட்டும் வந்துவிடாதீர்கள். நானே வெளியே வருகிறேன். நல்லவேளை, செருப்பு அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

இதுதானா. மேலே ஒரு துண்டு. மடித்து வைத்திருக்கிறார், ஓரம் சேராமல். ரவிக்கைத் துணியாம். பொய் சொல்லவும் வரவில்லை. இதைப் பிடியுங்கள்.

ரெஜினா, என் கண்ணாடி உள்ளே இருக்கிறது. இதில் பாஸ்போர்ட் ஒன்றா, இரண்டா?

இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவதில் யார் படம்?

நான்தான். அந்தப் படத்தில் நன்றாக இல்லை, தெரியும். என் பீரோவிலிருந்து எப்போது எடுத்தார்? சாவியை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளைக் காட்டுங்கள். படியுங்கள், நான் கேட்கிறேன். இரண்டு பேர். வெள்ளிக்கிழமை. பால்கனி அறை. எந்தப் பக்கம்? முன்பக்கமா? ஐயோ, கப்பலின் மூக்கில் கொண்டுபோய் எடுத்திருக்கிறார், அங்கேதானே ஆட்டம் அதிகம். வெள்ளிக்கிழமை என்றால் வியாழன் விமானம். என் சந்திராஷ்டமம் செவ்வாயோடு முடிகிறது. அதற்குத்தான் கேட்டாரா. அதற்குத்தான் கேட்டிருக்கிறார்.

நகல் எத்தனை இருக்கிறது? மூன்றா.

மூன்று.

இருக்கட்டும். தொடாதீர்கள். இருந்தபடியே வையுங்கள், துண்டை அதேபோல் ஓரம் சேராமல் மேலே போடுங்கள். இதை உங்கள் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோங்கள். நாளைக்கு ஊருக்குப் போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி உங்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம், என்னிடம் வேண்டாம். என்னிடம் சாவி இருந்தால் நான் போய் அந்த அறையைக் கப்பலின் நடுவுக்கு மாற்றும்வரை ஓயமாட்டேன்.

நீங்கள் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம். லிப்ட் மேலே வருகிறது, அவராகத்தான் இருக்கும். அந்தப் பையைத் தாவணிக்குள், அதாவது துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டால் என்ன பேசினோம் என்று சொல்வீர்கள்? தெரியவில்லையா? ரவிக்கை தைப்பதைப் பற்றித்தான் பேசினோம். கும்பகோணத்தில் ஒரு நல்ல டெய்லர் இருக்கிறாராம், மரகதத்தை அழைத்து விலாசம் வாங்கித் தருவதாக நான் சொன்னேன். அழைக்கத்தான் போகிறேன். இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டே போகிறேன், அவள் கண் பட்டால் படட்டும்.

போங்கள், போங்கள். எனக்கு வேலை இருக்கிறது. உள்ளே ஒரு விசிறி இருக்கிறது, அதைப் பிரிக்க வேண்டும்.